ஐம்பதும் இருபதும் எழுபது என்று நினைத்தேன்

தள்ளுபடிக் கணக்கில் நான் அசடு வழிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள். ஒரு கைப்பை, விலை 2,000. அட்டையில் '50% + 20%' என்று போட்டிருந்தது. எழுபது போனால் 600 என்று பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். பில் 800 என்று வந்தது. "தம்பி, தப்பா அடிச்சிட்டீங்க" என்றேன். அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி, 2,000இல் பாதி 1,000, அந்த 1,000இல் இருபது சதவீதம் 200, மீதி 800 என்று தட்டிக் காட்டினார். நான் விடவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்த பிறகுதான் வாயை மூடினேன். மொத்தத்தில் குறைந்தது 60 சதவீதம்தான். கணக்கு அவர் பக்கம், சரி. ஆனால் அந்தக் கூட்டல் குறியை அங்கே யார் போடச் சொன்னது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

* * *

அக்கா, அந்தத் தம்பி இடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். "ஐம்பதை முதல்ல கழிச்சிடுங்க" என்று கெஞ்சுவார்கள். எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான்: 2,000இல் இருபது சதவீதம் போனால் 1,600, அதில் பாதி அதே 800. ரொக்கக் கூப்பன் வரும்போதுதான் வரிசை முக்கியம். 1,000 விலையுள்ள பொருளுக்கு 20 சதவீதம் கழித்துவிட்டு 100 கூப்பனைக் கழித்தால் 700. கூப்பனை முதலில் கழித்தால் 900இல் இருபது சதவீதம் போய் 720. ஒருவர் கூப்பனைத்தான் முதலில் கழிக்க வேண்டும் என்று மேசையைத் தட்டினார். எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் சொன்னபடியே போட்டுக் கொடுத்தேன். 20 அதிகம் கொடுத்துவிட்டு ஜெயித்த முகத்தோடு போனார்.

* * *

என் அனுபவம் தலைகீழ். 20 சதவீதத் தள்ளுபடியில் 800 கொடுத்து வாங்கிய பொருளின் பழைய விலை கணக்கு நோட்டுக்குத் தேவைப்பட்டது. 800க்கு இருபது சதவீதம் 160, ஆக 960 என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி அந்த 960இலிருந்து இருபது சதவீதம் கழித்துப் பார்த்தார், 768 வந்தது. நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். 800 என்பது பழைய விலையில் 80 சதவீதம், அதனால் 0.8ஆல் வகுக்க வேண்டும். விடை 1,000. அதாவது 20 சதவீதம் இறங்கியதை மீட்க 25 சதவீதம் ஏற வேண்டும். அன்று ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது: விலையை 25 சதவீதம் ஏற்றிவிட்டு 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்தால், விற்பவருக்கு ஒரு காசு நஷ்டமில்லை! அதிலிருந்து பலகையைப் பார்ப்பதில்லை, போன மாதம் என்ன விலை என்றுதான் பார்க்கிறேன்.

* * *

எங்கள் அம்மாவுக்குச் சதவீதம் என்ற வார்த்தையே பிடிக்காது. "பத்துல ஒண்ணு எவ்வளவு?" என்பார். 1,480க்கு 35 சதவீதமா? பத்தில் ஒன்று 148, அது மூன்று தடவை 444, அதோடு 148இல் பாதி 74 சேர்த்தால் 518. கொடுக்க வேண்டியது 962. நான் கைப்பேசியைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, இரண்டு எண்ணையும் இடம் மாற்றுவது. 50க்கு 18 சதவீதம் என்றால் திணறுவேன், 18க்கு 50 சதவீதம் என்றால் 9. இரண்டும் ஒன்றே. அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "இதுக்கா காலேஜுக்குப் போன?" என்றார்.

* * *

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' பலகை முன்னால் நின்று, இது 33 சதவீதத் தள்ளுபடி, பக்கத்தில் இருப்பதோ 40 சதவீதம், அதுதான் லாபம் என்று கணக்குப் போட்டு முடித்தேன். கூட வந்த தங்கை, "உனக்கு எத்தனைக்கா வேணும்?" என்றாள். ஒன்றுகூட வேண்டாம்.