சத்தம் போடாத நோயாளியை எப்படிக் கவனிக்கிறீர்கள்?

தாதியர் பணியில் இருக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வார்டு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

போன வாரம் இரவுப் பணி. ஒருவர் வலியில் கத்தினார், இன்னொருவருக்கு டிரிப் தீர்ந்துவிட்டது. இருவரிடமும் ஓடினேன். இடுப்பெலும்பு அறுவை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த சீனப் பாட்டி மட்டும் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழி எனக்குப் புரியாது. வழக்கமான பேச்சு என்று விட்டுவிட்டேன். பிறகு எண்ணியபோது மூச்சு நிமிடத்துக்கு 26! இரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. மூத்த தாதி உடனே மருத்துவரை அழைத்தார். நுரையீரலில் இரத்தக்கட்டி என்று பிறகு தெரிந்தது. பாட்டி இப்போது தேறிவருகிறார்.

நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 (NEWS2) கணக்கில், புள்ளி கூடினால் ஆபத்தும் கூடும். அதில் மூச்சு 25ஐத் தொட்டாலே 3 புள்ளி, புதிய மனக்குழப்பத்துக்கும் 3 புள்ளி. தேர்வில் எழுதியவள்தான் நான்! ஆனால் வார்டில் காது சத்தத்தின் பின்னால்தான் போகிறது.

பணி ஏற்றதும் முதல் பத்து நிமிடத்தில் யாரை, எந்த வரிசையில் பார்ப்பீர்கள்? மொழி தெரியாத முதியவரின் குழப்பம் புதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாலை மூன்று மணிக்கு மருத்துவரிடம் திக்காமல் சொல்லவும் ஒரு வழி சொல்லுங்கள்.