மழைக்கு முந்தின இரண்டு மாதம் மூச்சுவிட நேரமில்லை, மிச்ச நாள் வேலையில்லை: மரம் ஏறுகிற தம்பிமாரை எப்படித் தக்கவைப்பது?

அன்புவழிபுரம் மரக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். வீட்டு வளவுகளில் மரம் தறிப்பது, கூரைக்கு மேலே நிற்கிற கொப்புகளை இறக்குவது, அடிக்கட்டை கிளப்புவது, இதுதான் ஒன்பது வருடமாக என் தொழில். என்னோடு சேர்த்து நாலு பேர். இரண்டு தம்பிமார் ஏறுவார்கள், நானும் மற்றவரும் கீழே கயிறு பிடிப்போம். கையில் இருப்பது பெரிதும் சிறிதுமாக இரண்டு செயின்சோ, பெட்டி பூட்டிய பழைய லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒன்று, கயிறு இரண்டு சுருள். அவ்வளவுதான்.

பிரச்சினை இதுதான். ஆவணி பிறந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். புரட்டாதியில் கூடும். ஐப்பசியில் முதல் இடி இடித்ததோ இல்லையோ, முழு ஊரும் ஒரே நாளில் கூப்பிடும். "தம்பி, மழைக்கு முதல் வந்து மரத்தின் மண்டையை வெட்டி விடுங்கோ." 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவி புயல் குச்சவெளிப் பக்கத்தால் கரை ஏறியதில் இருந்து இந்தப் பயம் இன்னும் கூட. பயப்படுவதில் பிழை இல்லை. 1964 டிசம்பர் புயலைப் பார்த்த கிழவர்கள் இன்னும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். ஆனால் பயம் எல்லோருக்கும் ஒரே கிழமையில் வருகிறது. என்னிடம் ஏறக்கூடியவர்கள் இரண்டு பேர்தான்.

மார்கழி கழிந்தால் பிறகு ஆடி வரை மாதத்தில் எட்டு நாள், பத்து நாள் வேலை. அந்த நேரம் தம்பிமார் மேசன் வேலைக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள். போன வருடம் நன்றாக ஏறக்கூடிய ஒருவன் கட்டாருக்கே போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனால் கயிற்றில் தொங்கிக்கொண்டு செயின்சோ பிடிக்க ஒருவனைப் பழக்க எனக்கு இரண்டு வருடம் பிடிக்கிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன ஐப்பசியில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு. அன்றைக்கு அது மூன்றாவது வீடு, நேரம் பின்னேரம் நாலரை. வேப்பமரம், தொடை மொத்தத்தில் ஒரு கொப்பு, குசினிக் கூரைக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றது. மேலே இருந்த தம்பி கீழ்வெட்டை ஆழமாகப் போடவில்லை. கை சோர்ந்திருக்கிறது, எனக்கு அது கீழே இருந்து தெரியவில்லை. மேல்வெட்டுப் போடப் போட கொப்பு முழுதாக அறுபடாமல் கிழிந்தது. தண்டில் இருந்து ஒரு முழத்துக்குப் பட்டையை உரித்துக்கொண்டு, கயிற்றில் ஊஞ்சல் மாதிரி வந்து கூரை ஓரத்தில் மோதியது. இரண்டு கூரைச் சீற் உடைந்தது. வாங்கிப் போட்டுக் கொடுத்தேன், அதைப் பற்றிக் கவலை இல்லை. உரிந்த பட்டை அவன் கால் வைத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே வந்துதான் நின்றது. இறங்கி வந்தவனுக்குத் தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்கக் கை நிற்கவில்லை.

ஒரு நாளில் மூன்று வீடு ஒத்துக்கொண்டது நான். காசு வருகிற இரண்டு மாதத்தை விட்டால் பிறகு இல்லை என்ற பயத்தில்தான் ஒத்துக்கொண்டேன். விலையிலும் இதே கதைதான். ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி "எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால் மரத்துக்குக் கீழே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி இருக்கும். அப்புறம் "விறகை நீங்களே எடுங்கோ, காசைக் குறையுங்கோ" என்பார்கள். காய்ந்த புளி விறகு என்றால் பேக்கரி வாங்கும். பச்சை மாங்கொப்பை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

வேலையை வருடம் முழுவதும் பரப்ப வழி கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இப்போது மாசி. அடுத்த ஆவணிக்குள் ஏதாவது மாற்ற வேண்டும்.

கிண்ணியா நானா எழுதியது:

தம்பி, ஸலாம். முப்பது வருடம் மரம் ஏறினேன். முழங்கால் விட்டுவிட்டது, இப்போது மகன் செய்கிறான். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் மட்டும் கயிறும் வாளும் சுமந்து, ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏறித்தான் டவுனுக்கு வேலைக்கு வருவோம்.

உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. "மண்டையை வெட்டி விடுங்கோ" என்கிறார்கள், நீங்களும் வெட்டி விடுகிறீர்கள். நானும் பத்து வருடம் அதையே செய்தேன். மண்டை வெட்டிய வேம்பைத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டுவாயைச் சுற்றி இருபது முப்பது தளிர் ஒன்றாக அடிக்கும். மூன்றாம் வருடம் அது கையளவு மொத்தம். அந்தக் கொப்புகளுக்கு உள்வைரத்தோடு தொடுப்புக் கிடையாது, வெளித்தோலில் ஒட்டி நிற்பவை. வெட்டுவாய் அடியில் உக்கத் தொடங்கியிருக்கும். காற்று வந்தால் முதலில் முறிவது அதுதான். பயத்தில் வெட்டுவித்தவர் மூன்று வருடத்தில் கூடுதலான பயத்தோடு உங்களைக் கூப்பிடுகிறார்.

அதை விட்டு, மழை முடிந்து மரம் தெளிந்து நிற்கிற மாசி, பங்குனியில் போங்கள். உள்ளுக்குள் பட்டுப்போன கொப்பு, ஒன்றோடொன்று உரசுகிற கொப்பு இவற்றை எடுங்கள். நீளமானதைக் குறைப்பதென்றால், அதிலேயே உள்ள ஒரு பக்கக் கொப்பு தொடங்குகிற இடம் வரை குறையுங்கள், நடுவில் வெட்டி மொட்டையாக விடாதீர்கள். காற்று மரத்துக்குள்ளால் போக வேண்டும். மாமரத்தைக் காய் முடிந்த கையோடு செய்யுங்கள், அது ஆடியில் வரும். பார்த்தீர்களா, வெறும் மாதங்கள் நிரம்புகின்றன.

வெட்டைப் பற்றி ஒன்று, தம்பிக்குச் சொல்லுங்கள். தண்டில் இருந்து முக்கால் முழம் தள்ளி, முதலில் கீழே இருந்து காற்பங்கு. பிறகு அதைவிட நாலு விரல் வெளியே தள்ளி மேலே இருந்து. பாரம் போன பிறகுதான் மிச்சக் குற்றியை எடுப்பது. அதையும் தண்டோடு ஒட்டச் சீவக் கூடாது. கொப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு வளையம் புடைத்திருக்கும், நாங்கள் கழுத்து என்போம். அந்தக் கழுத்தை மரத்திலேயே விட்டு வெட்டினால் நாலைந்து வருடத்தில் மரம் தானே தோலால் மூடிக்கொள்ளும். தார் பூசச் சொல்வார்கள், தேவையில்லை.

இன்னொன்று. நிலாவெளி, உப்புவெளி விருந்தினர் விடுதிகளுக்குப் போய்ப் பார்த்தீர்களா? அவர்களுக்கு ஆட்கள் வருவது சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும். உங்களுக்கு வேலை இல்லாத காலம் அதுதான். வெள்ளைக்காரர் படுக்கிற கட்டிலுக்கு மேலே தென்னை நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி, ஆடியில் காய்ந்த மட்டையும் தேங்காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறித் துப்புரவாக்க ஒரு பேச்சுப் பேசுங்கள். என் மகன் இரண்டு இடம் செய்கிறான். பணம் பெரிதில்லை, ஆனால் திகதி தவறாமல் வரும்.

குழையை வீணாக்காதீர்கள். பலாக்குழை, வாகைக்குழை இறக்குகிற அன்று ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல் சொன்னால் போதும், தாங்களே வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின மாதம் என்றால் கேட்கவே தேவையில்லை. உங்கள் லேண்ட்மாஸ்டருக்கு ஒரு ஓட்டம் மிச்சம்.

உவர்மலை ரீச்சர் எழுதியது:

நான் மரம் வெட்டுவிக்கிற பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வளவில் ஒரு மாவும் ஒரு பலாவும் நிற்கின்றன. போன முறை மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் 12,000 ரூபா, ஒருவர் 20,000, ஒருவர் 35,000. ஏன் இந்த வித்தியாசம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 12,000-க்குக் கொடுத்தேன். கொப்புகளை முற்றத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை அள்ள வேறு ஆள் பிடித்து 9,000 கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் பூங்கன்றுகள் நசிந்துவிட்டன என்று இரண்டு மாதம் முகம் கொடுக்கவில்லை.

தம்பி, எங்களுக்கு மரத்தைப் பற்றித் தெரியாது, பயம் மட்டும்தான் தெரியும். வந்து பார்த்து, எந்தக் கொப்பு போகும், எது நிற்கும், அள்ளுவது யார், மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் யார் பொறுப்பு என்று நாலு வரி எழுதித் தந்தால் நான் கூடுதலாகவே தருவேன். வருடத்தில் ஒரு முறை நீங்களாகவே வந்து பார்ப்பதாக இருந்தால் அதற்கும் தருவேன். இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு சந்தேகம். பலாவைத் தறிப்பதென்றால் அனுமதி வேண்டுமா?

கிண்ணியா நானா எழுதியது:

வேண்டும், ரீச்சர். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், 1951-ஆம் ஆண்டுச் சட்டம். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள், அங்கிருந்து பிரதேச செயலகம். சொந்த வளவு என்றாலும் அப்படித்தான். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித் தறிக்க வருகிறவரை நம்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற லைன்மன் எழுதியது:

மின்சாரக் கம்பியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். தம்பி, ஐப்பசி அவசரத்தில் நான் கண்டவற்றில் மோசமானது இதுதான். வீட்டுக்கு வருகிற கம்பியில் 230 வோல்ட். வீதியோரம் உயரத்தில் போகிற பெரிய லைனில் 33,000 வோல்ட். பெரிய லைனில் கொப்பு தொட வேண்டும் என்றுகூட இல்லை, போதிய அளவு கிட்டப் போனாலே பாயும். காய்ந்த கயிறுதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கடல் காற்றில் உப்புப் படிந்த கயிறு, அதில் பனி ஈரம் சேர்ந்தால் கடத்தும். அலுமினிய ஏணியைக் கம்பி உள்ள பக்கம் கொண்டே போக வேண்டாம்.

மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் லைனை நிறுத்தித் தருவார்கள். ஆனால் நாள் எடுக்கும், மழை தொடங்கிய பிறகு அவர்களுக்கும் ஆள் இருக்காது. ஆவணியிலேயே கொடுங்கள். கம்பியில் ஏற்கனவே கொப்பு விழுந்து கிடந்தால் 1987-க்கு எடுங்கள். வந்து நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொல்லும் மட்டும் ஒருவரும் மரத்தில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டேன் என்பார். அதனால் வெளிக் கம்பியில் மின் நிற்காது. இதை உங்கள் இரண்டு தம்பிமாருக்கும் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

அன்புவழிபுரம் மரக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், வெறும் வாயால் நன்றி சொல்ல மனமில்லை, செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நானா, நீங்கள் சொன்னபடி 2022-இல் நான் மண்டை வெட்டிய ஒரு வேம்பைப் பாலையூற்றில் போய்ப் பார்த்தேன். வெட்டுவாயில் விரலை வைத்தேன், இரண்டு அங்குலம் உள்ளே போனது. சுற்றிவர நிற்கிற கொப்புகளில் ஒன்றைக் கையால் அழுத்தினேன், அடியில் வெடிப்பு விட்டது. அந்த வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், நான் செய்த பிழை என்றும் சொன்னேன். பங்குனியில் வந்து மெல்ல மெல்லச் சரிப்படுத்தித் தருகிறேன், மூன்று வருடம் எடுக்கும், முதல் தடவைக்குக் காசு வேண்டாம் என்றேன். அவர் அதற்குத் தேநீர் தந்தார், அடுத்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

என் கொப்பியில் பழைய வாடிக்கையாளர் இலக்கம் நாற்பதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "இப்போது வந்து பார்க்கிறேன், ஐப்பசிக்கு நிற்காதீர்கள்" என்றேன். கால்வாசிப் பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் "இப்போது மழை இல்லையே" என்றார்கள். அது மாற நாள் எடுக்கும்.

ரீச்சர், நாலு வரி எழுதித் தருவதைத் தொடங்கிவிட்டேன், கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி. விலையையும் மரத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல், நாலு பேரின் நாட்கூலி, பெற்றோல் ஒயில், அள்ளும் ஓட்டம் என்று பிரித்து எழுதுகிறேன். பிரித்துக் காட்டிய பிறகு விறகைச் சொல்லிக் குறைக்கக் கேட்பது குறைந்திருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு வீடு, சின்ன வேலை என்றால் இரண்டு. ஐப்பசியிலும் அப்படித்தான். ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு ஆளைப் பிடிக்கட்டும்.

நிலாவெளியில் நாலு இடம் ஏறி இறங்கினேன். மூன்று பேர் முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நாலாவது ஒரு சின்ன விடுதி, தென்னை 26. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று பேசியாகிவிட்டது, பங்குனிக் கடைசியில் இருந்து புரட்டாதி மட்டும். அந்த இரண்டு சீற் உடைந்த அன்று கை நடுங்கிய தம்பியைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் ஒவ்வொரு தென்னையாகத் தட்டிப் பார்த்தான், ஒன்றின் அடியில் செவ்வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது, அதில் ஏறமாட்டேன் என்றான். முகாமையாளருக்கு அதைக் காட்டி எழுதியும் கொடுத்தோம்.

ஐயா, மின்சார சபைக்குக் கொடுக்க வேண்டிய வீடுகள் ஏழு, தனித் தாளில் எழுதி லேண்ட்மாஸ்டர் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். தம்பிமார் இருவரும் 1987 மனப்பாடம்.

நாளைக் காலை ஆறரைக்குப் பாலையூற்று வேம்பு. கயிறு இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போட்டிருக்கிறேன்.