விண்டோஸ் கணினியில் அப்பிளின் ஐடியூன்ஸ்: கூத்து ஒலிப்பதிவுகளுக்குப் பொருந்துமா?

ஹட்டன் வாசிகசாலை:
அனைவருக்கும் வணக்கம். மாசி மாதத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தின் ஒலிப்பதிவுகளை எங்கள் வாசிகசாலையில் சேகரித்து வருகிறோம். விடிய விடிய ஆடப்பட்ட ஒரு கூத்தைப் பகுதி பகுதியாகப் பதிந்த அன்பர், தமது மெக் கணினியிலிருந்து அவற்றை அப்பிளின் இழப்பில்லா (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும்) வடிவமான ஏ.எல்.ஏ.சி.யில் தந்திருக்கிறார். எங்களிடம் இருப்பதோ விண்டோஸ் 10 கணினி. அதில் அப்பிளின் இசைப் பிளேயரான ஐடியூன்ஸை நிறுவலாமா? ஒரு நிறுவனம் தன் போட்டியாளரின் தளத்துக்குச் செய்து தரும் பிளேயரை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

பண்டாரவளை வாசகர்:
ஐயா, கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் என்றால் ஐடியூன்ஸ் தேவையே இல்லை. அந்த வடிவத்தை அப்பிள் 2011இல் திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டது. விண்டோஸ் 10 அதை நேரடியாகவே இயக்கும், வி.எல்.சி. என்ற இலவசப் பிளேயரும் இயக்கும்.

மதிப்பீடு என்று வரும்போது, அந்த நிறுவனம் மற்றவர் தளத்துக்கு ஏன் வந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அப்பிளின் கையடக்க இசைக் கருவியான ஐபொட் 2002இலேயே விண்டோஸுக்கு வந்திருந்தாலும், அதற்கு வேறொரு நிறுவனத்தின் மென்பொருள்தான் தேவைப்பட்டது; 2003 ஒக்டோபரில் ஐடியூன்ஸ் விண்டோஸுக்கு வந்ததும் அந்தக் குறை நீங்கி, விண்டோஸ் பயனர்களுக்கு ஐபொட்டை விற்பது எளிதாயிற்று. அந்த வணிக நலன் இருந்தவரை ஐடியூன்ஸ் நன்றாகப் பராமரிக்கப்பட்டது. மாறாக, மெக்குக்கான விண்டோஸ் மீடியா பிளேயரை மைக்ரோசொப்ட் 2006இல் கைவிட்டது. விண்டோஸுக்கான குயிக்டைம் என்ற வீடியோ பிளேயரை அப்பிள் 2016இல் கைவிட்டபோது பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமலே நின்றன. அதை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அறிவுறுத்த நேர்ந்தது. சேகரிப்பு என்பது பல ஆண்டுக் காரியம். பிளேயர் போனாலும் பதிவுகள் நிற்க வேண்டும்.

பதுளை, ஒலிப்பதிவாளர்:
மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் கேட்டுப் பார்க்காமல் வி.எல்.சி.யில் நின்றுவிடாதீர்கள். இறுவட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும்; வேவ் வடிவத்துக்கு 4 ஜிகாபைட் எல்லை இருப்பதால் ஏழு மணி நேரம்கூட ஒரே கோப்பில் அடங்காது. ஆகவே இராமுழுவதும் நடக்கும் கூத்தைத் துண்டாக்கியே வைத்திருப்பார்கள். தப்பு என்ற பறை இடைவிடாமல் ஒலிக்கும் இடத்தில் அமைந்த இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து ஓட விடுங்கள். வி.எல்.சி. 3இல் இணைப்பில் அடி ஒரு கணம் விட்டுப்போகும். காது உடனே கண்டுபிடித்துவிடும். ஐடியூன்ஸ் 2006இன் ஏழாம் பதிப்பிலிருந்தே இடைவெளியின்றி இயக்கக்கூடியது. அதனால் ஐடியூன்ஸுக்கு என் வாக்கு உண்டு.

நுவரெலியா நூலகப் பணியாளர்:
ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். 2024இல் விண்டோஸுக்கு அப்பிள் மியூசிக் என்ற தனிச் செயலி வந்தது. அதை நிறுவிவிட்டால் ஐடியூன்ஸ் பொட்காஸ்ட்டுகளுக்கும் ஒலிநூல்களுக்கும் மட்டுமே பயன்படும் என்பதால், இரண்டையும் ஒரே கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஐடியூன்ஸை நிறுவினால், கோப்புகளைத் தன் கோப்புறைக்குப் பிரதியெடுக்கும் தெரிவையும் அவற்றை ஒழுங்குபடுத்தும் தெரிவையும் முதலில் நீக்கிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு பதிவுக்குத் தோட்டத்தின் பெயர், ஆண்டு, பாடியவர் பெயர் ஆகியவற்றை யூனிகோட் தமிழில் எழுதி, அதே கோப்பை வேறொரு பிளேயரில் திறந்து பாருங்கள். எழுதியது அங்கேயும் அப்படியே தெரிந்தால் மற்றவற்றையும் தொடங்கலாம். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால், எந்தப் பிளேயரிலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மூலக் கோப்புகளின் ஒரு பிரதியை எந்தப் பிளேயரும் தொடாத வெளி வன்தட்டில் வைத்துவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள்.