வளைவில் கைத்தொலைபேசி பேசும் சாரதியிடம் பயணி என்ன சொல்வது?

கேள்வி – கொட்டகலை ஆசிரியை

பாடசாலைப் பணிக்காக வாரத்தில் ஐந்து நாட்கள் தனியார் பேருந்தில் நுவரெலியாவுக்குச் சென்று வருகிறேன். கடந்த வாரம் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். வீதியின் வெள்ளைக் கோடுகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் இறங்கியிருந்த அந்த நேரத்தில், சாரதி வலது கையால் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பினார். கியர் மாற்றுவதற்காக இடது கையை எடுத்த கணத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்க எந்தக் கையும் இருக்கவில்லை. முன்னாசனத்திலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, போனை வைத்துவிட்டு ஓட்டுங்கள்" என்று பணிவாகத்தான் சொன்னார். அதற்கு நடத்துனர், "பயமென்றால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வாருங்கள், ஐயா" என்றார். சிலர் சிரித்தார்கள், நானும் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படியான நேரத்தில் பயணி என்ன செய்யலாம்? காதில் மாட்டிப் பேசும் கருவி இருந்தால் ஆபத்தில்லை என்கிறார்களே, அது சரிதானா?

பதில் 1 – ஓய்வுபெற்ற சாரதி

டீச்சர், நான் இதே மலைவீதிகளில் இருபது வருடங்களுக்கு மேல் தனியார் பேருந்து ஓட்டியவன். அந்தச் சாரதிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் மறுமுனையில் பேசுவது யார் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு அழைப்பு அல்ல. முன்னால் போகும் பஸ் எந்தச் சந்தியில் நிற்கிறது, பின்னால் வருவது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று டைம் கீப்பர் சொல்வார். இன்றைய வசூல் எவ்வளவு என்று முதலாளி கேட்பார். நாட்சம்பளம் வசூலைப் பொறுத்தே அமையும்போது அந்த அழைப்பை எடுக்காமலிருக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "அண்ணா, தோட்டத்துச் சந்திக்கு வந்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்" என்று வழக்கமான பயணிகளும் சாரதிக்கே அழைப்பதுண்டு. அதை நடத்துனரின் எண்ணுக்கு அழைத்தால் என்ன?

ஏற்றத்தைவிட எனக்கு இறக்கந்தான் அச்சம் தரும். கனமான வாகனத்தைத் தாழ்ந்த கியரில் வைத்து, எஞ்சினின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தியபடியே இறக்க வேண்டும். பேச்சில் மூழ்கியவர் உரிய நேரத்தில் கியரைக் குறைக்க மறந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். அது சூடேறி, உண்மையாகவே தேவைப்படும் வளைவில் பிடிக்காமல் போகும்.

பதில் 2 – பண்டாரவளை வாசகர்

காதில் மாட்டும் கருவி கையை விடுவிக்கும், கவனத்தை விடுவிக்காது. வாகனம் ஓட்டும்போது தொலைபேசியில் பேசுவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்றும், கையில் பிடிக்காமல் பேசுவது அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நமது வீதிகளில் சாதாரண வேகம். அந்த வேகத்தில் வாகனம் நொடிக்கு 10 மீற்றர் நகர்கிறது. யார் அழைக்கிறார் என்று பார்க்க 3 நொடி குனிந்தால் 30 மீற்றர் கடந்துவிடும். எங்கள் ஊர் வளைவுகள் பலவற்றில் அத்தனை தூரம் வீதியே கண்ணுக்குத் தெரிவதில்லை.

2025 மே 11 அன்று கொத்மலை, கரண்டியெல்ல பகுதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. அதற்குத் தொலைபேசி காரணமென்று நான் சொல்லவில்லை. வீதியோரத்தில் பள்ளம் இருக்கும் நாட்டில் ஒரு தவறு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

பதில் 3 – அட்டன் பயணி

முறைப்பாட்டுக்கு இடம் இருக்கிறது, ஆனால் சரியான கதவைத் தட்ட வேண்டும். மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தனியார் பேருந்தென்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உங்களுடையது மத்திய மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால், மாகாணப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைதான் அதற்குப் பொறுப்பு. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் அவசர எண் 119. பேருந்தின் இலக்கம், நேரம், இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் அழைத்தால், "எந்த பஸ்?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

கேட்டவரின் பதில் – கொட்டகலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ஓய்வுபெற்ற சாரதி ஐயா, தாமதமான ஒரு காலையில் நானும் அப்படிச் சாரதிக்கு அழைத்து நிற்கச் சொன்னதுண்டு. உங்கள் பதிலை வாசித்தபோதுதான் அது உறைத்தது. அந்த எண்ணை அழித்துவிட்டு நடத்துனரின் எண்ணை வாங்கிக்கொள்கிறேன். பேருந்தின் இலக்கத்தை இன்று காலை குறித்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் தினமும் லிந்துலையில் ஏறுபவர். அவரும் கையொப்பமிட்டால் நாளையே முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புவேன்.