அம்மாவின் மூளைக்கட்டி: கதிர் வைப்பதா, ஒப்பரேஷனா?

லிந்துலை மகள்:
அம்மாவுக்கு 58 வயது. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் எடுத்த பிறகும் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். இரண்டு வருடமாக வலது காது மந்தம், மலையில் ஏறும்போது தடுமாற்றம். பிரஷர் என்றே நினைத்திருந்தோம். கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் செவி நரம்பில் 2.2 சென்டிமீட்டர் கட்டி. புற்றுநோய் இல்லையாம். மண்டையைத் திறந்து எடுக்கலாம், இல்லாவிட்டால் சென்னைக்குப் போய்த் திறக்காமலே கதிர் வைக்கலாம் என்றார் டொக்டர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை பெரியவர்:
ஒப்பரேஷன்தான், தங்கச்சி. கதிர் வைத்தால் கட்டி உள்ளேயேதான் கிடக்கும். கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடி செத்தா போகிறது? வேரோடு பிடுங்க வேண்டும். எனக்கு 2016இல் இதே மாதிரிக் கட்டியை எடுத்தார்கள். முடிந்தது கதை.

மஸ்கெலியா நிழல்:
பெரியவர் சொல்வது பழைய கணக்கு. என் மாமாவுக்கு இந்தியாவில் காமா நைஃப் என்ற கதிர் வைத்தியம் செய்தோம். பெயரில்தான் கத்தி இருக்கிறது. கோபால்ட்டிலிருந்து 192 மெல்லிய கதிர்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து கட்டியில் மட்டும் சந்திக்கின்றன. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியாலும் வருகிறார்கள், இரத்தினபுரியாலும் வருகிறார்கள். வழியில் ஆள் குறைவு, உச்சியில்தான் நெரிசல். அந்த மாதிரி. காலையில் போனார், மறுநாள் கடைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்தார்.

கொட்டகலை பெரியவர்:
போயா (பௌர்ணமி) நாளில் நல்லதண்ணி வழியில் ஏறிப் பாருங்கள் தம்பி, வழியிலேயே கால் வைக்க இடமிருக்காது!

பதுளை வார்ட்:
நான் நர்ஸ். பெரியவர் வேடிக்கையாகச் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. கட்டியைச் சுற்றியுள்ள இடத்துக்கும் கொஞ்சம் கதிர் போகத்தான் செய்யும். அதனால்தான் கட்டியின் அளவு முக்கியம். பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இந்த முறையைப் பார்ப்பார்கள். பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் ஒப்பரேஷன்தான்.

இது புதுசும் இல்லை. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இலேயே இந்த யோசனையை எழுதினார். முதல் இயந்திரம் 1968இல் வேலைக்கு வந்தது.

கட்டி கரைந்து காணாமல் போகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கதிர் பெரும்பாலும் அதன் வளர்ச்சியை நிறுத்தும். சிலருக்குப் பிறகு மெல்லச் சுருங்கும். அதற்கு முன்னால், முதல் வருடத்தில் வீங்குவதும் உண்டு. போன காது திரும்பி வராது, மீதமிருக்கும் கேட்கும் திறனும் வருடக்கணக்கில் குறையலாம்.

மஸ்கெலியா நிழல்:
வீக்கம் உண்மைதான். மாமாவுக்கு எட்டாம் மாதம் தலைவலியும் வாந்தியும் வந்தன. பயந்துவிட்டோம். ஸ்டீரோய்ட் மாத்திரையில் அடங்கியது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.

கொட்டகலை பெரியவர்:
பார்த்தீர்களா! இன்னொன்றும் கேளுங்கள். வருடா வருடம் ஸ்கேன். அதற்கு யார் கூட்டிக்கொண்டு போவது? விடியற்காலை பஸ், அப்புறம் க்யூ, ஒரு நாள் சம்பளமும் போகும். எடுத்துவிட்டால் நிம்மதி.

பதுளை வார்ட்:
ஐயா, ஒப்பரேஷனுக்குப் பிறகும் ஸ்கேன் பார்க்கத்தானே வேண்டும்? நீங்கள் போவதில்லையா?

கொட்டகலை பெரியவர்:
போகிறேன்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. முக நரம்பில் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஒரு துண்டை விட்டுவிட்டார்களாம். இடது கண் இன்னும் முழுசாக மூடாது, ராத்திரியில் மருந்து போட்டு டேப் ஒட்டிப் படுப்பேன். ஆனால் எழுந்து நடக்கிறேன், தடுமாற்றம் குறைந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியா நிழல்:
அப்போ “முடிந்தது கதை” என்று எழுதியது?

கொட்டகலை பெரியவர்:
சரி தம்பி, நீங்களும் தேத்தண்ணீரை எழுதினீர்கள், வாந்தியை மறந்தீர்கள்.

பதுளை வார்ட்:
இருவரும் விடுங்கள். தங்கச்சி, பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா? இப்படிப்பட்ட கட்டிகள் பல வளராமலே கிடக்கும். இரண்டு படங்களை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கட்டி மூளைத்தண்டைத் தொடுகிறதா என்பதையும் கேளுங்கள். சென்னைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்க முடியுமா என்றும் பாருங்கள், பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

லிந்துலை மகள்:
பழைய ஸ்கேன் இல்லை, மிஸ். இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: தலையில் கொழுந்துக் கூடைக் கயிறு எப்போது போடலாம்?

பதுளை வார்ட்:
காமா நைஃபுக்குப் பெரும்பாலும் தலையில் ஒரு சட்டம் பூட்டுவார்கள், நான்கு ஊசிகள், மரத்துப்போக மருந்து போட்டுத்தான். அந்தப் புண் ஓரிரு வாரத்தில் ஆறும். மண்டையைத் திறந்தால் மாதக்கணக்கு. ஆனால் எனக்குக் கயிற்றை விட அந்தச் சரிவுதான் பயம். தடுமாற்றம் எந்த வைத்தியத்திலும் உடனே போகாது.

கொட்டகலை பெரியவர்:
58 வயதில் கூடை எதற்கு? அம்மாவை வீட்டில் வையுங்கள்.

லிந்துலை மகள்:
சொல்லிப் பார்த்துவிட்டேன், ஐயா. 14ஆம் திகதி கிளினிக். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டேன்.