சிம்லிங்க்: தமிழில் என்ன? (நாளை மாலைக்குள் வேண்டும்)

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸில் ஜாவா நிறுவி, ஃபயர்ஃபாக்ஸ் 3.6 உலாவியில் அதன் செருகுநிரலை (பிளகின்) ஓடவைக்கும் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மாலை ஒப்படைக்க வேண்டும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஜாவா செருகுநிரலான .எஸ்ஓ கோப்பை உலாவியின் பிளகின்ஸ் அடைவுக்குள் நகலெடுத்துப் போட்டால் வேலைக்காகாது. தான் இருக்கும் இடத்தை வைத்துத்தான் அது ஜாவாவின் மற்ற கோப்புகளைத் தேடும். எனவே 'எல்என் -எஸ்' என்ற கட்டளை கொடுத்து சிம்லிங்க் (வேறிடத்தில் உள்ள கோப்பைக் காட்டும் பெயர்) போடவேண்டும். "குறியீட்டு இணைப்பு" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவர், "எந்தக் குறியீட்டை இணைக்கணும் சார்?" என்கிறார். அதே பக்கத்தில் இணைய இணைப்பு, பதிவிறக்க இணைப்பு, பின்னிணைப்பு எல்லாம் வேறு இருக்கின்றன. மாற்றுச் சொல் உண்டா?

———

ஐயா,

இதற்கு எங்கும் போகவேண்டாம். ஆகுபெயர் இருக்கிறதே! "ஊர் சிரித்தது" என்றால் சிரித்தது மண்ணும் கல்லுமா? பிளகின்ஸ் அடைவில் நிற்கும் பெயரைத் திறந்தால் திறப்பது வேறெங்கோ உள்ள கோப்பு. ஆகவே "ஆகுகோப்பு". வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஆகு, ஆக்கு, ஆக்கம், ஆகுதல் என்று இந்த வேரின் குடும்பமே பெரியது. அதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

———

> அதைப் பற்றித் தனி மடலில் விரிவாக

அவசரமில்லை ஐயா :-)

ஆகுபெயரில் பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இங்கே பெயர் இரண்டு, கோப்பு ஒன்று. நேர் தலைகீழ். தவிர, வகுப்பில் "ஆகுகோப்பு" என்றால் 'கோப்பு ஆகப்போகிறது' என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

சிம்லிங்க்குக்குள் இருப்பது வெறும் பாதைதான். ஜாவாவை 1.6.0_18-இலிருந்து 20-க்கு மேம்படுத்திப் பழையதை நீக்கினேன். அடைவின் பெயர் மாறிவிட்டது. சிம்லிங்க் மட்டும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு என் முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரம்) சிவப்பாக நின்றது. சொல்லில் இந்தக் குணம் தெரியவேண்டும். "வழிச்சுட்டி"?

———

அக்கா சொல்வதைப் பார்த்தால் இது அச்சு அசல் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி அதுதானே! "ஆற்றி" என்று வைத்தால் மூன்றெழுத்தில் முடிந்தது.

———

பாலை ஆற்றி, பசியை ஆற்றி, கோப்பை ஆற்றி?

அதோடு, ஆற்றுப்படுத்தும் பாணன் தானே போய்ப் பரிசு பெற்றுத் திரும்பியவன். சிம்லிங்க் எங்கும் போனதில்லை. இல்லாத கோப்புக்கும் அது வழி சொல்லும்.

———

நிழற்கோப்பு?

———

கடவுச்சொற்களை வைக்கும் 'ஷேடோ' கோப்புக்கு அது தேவைப்படும். வேண்டாம்.

———

எல்லோரும் கோபிக்கக்கூடாது. சிம்லிங்க் என்றே எழுதிவிட்டால் என்ன? ஏதாவது பழுதானால் பயனர் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான். 'எல்என்' தமிழாகப் போவதில்லை.

———

அப்படியானால் கோப்பு எதற்கு? அடைவு எதற்கு? எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு வினைமுற்றை மட்டும் தமிழில் எழுதலாமே! புழங்கினால்தான் புரியும். புரிந்தபின் புழங்குவோம் என்றால் நடக்காது.

———

வழிச்சுட்டியில் ஒரு சின்னத் திருத்தம். வழியைக் காட்டுவது வழிகாட்டி. யாரும் வழிக்காட்டி என்பதில்லை. அதேபோல் வழியைச் சுட்டுவது வழிசுட்டி. ஒற்று மிகாது. (மௌசையும் சுட்டி என்கிறோம், சி மொழியின் பாயின்டரும் சுட்டிதான். முன்னால் 'வழி' இருப்பதால் பிழைத்துக்கொள்ளும்.)

———

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. "வழிசுட்டி" என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அருகே சிம்லிங்க் என்று தமிழ் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

———

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஆகுகோப்பே பொருத்தம்.

———

ஒரு பின்குறிப்பு. வழிசுட்டி போட்டும் என் உலாவியின் செருகுநிரல் பட்டியலில் ஜாவா வரவில்லை. முனையத்திலிருந்து உலாவியைத் திறந்தபோதுதான் 'ராங் ஈஎல்எஃப் கிளாஸ்' என்ற பிழைச்செய்தியைப் பார்த்தேன் (ஈஎல்எஃப் என்பது லினக்ஸ் நிரற்கோப்பின் வடிவம்). உலாவி 64 பிட், நான் சுட்டிய கோப்பு 32 பிட். 64 பிட் ஜாவாவை நிறுவி அதற்கு வழிசுட்டியதும் வந்துவிட்டது. இதையும் கையேட்டில் சேர்க்கவேண்டும். இங்கே கிளாஸுக்கு என்ன போடலாம்? வகுப்பு?

———

வகுப்பு வேண்டாம். ஜாவா மொழிக்குள்ளேயே ஏற்கெனவே கிளாஸ் என்று ஒன்று இருக்கிறது, குழம்பும்.