மகள் ஊதும் 'கர்னல் போகி' ஜப்பான்காரன் காலத்துப் பாட்டா?

செந்தூல் அம்மா:
வணக்கம். என் மகள் பள்ளி பேண்டில் கோர்னெட் (சின்ன டிரம்பெட் மாதிரி வாத்தியம்) ஊதுகிறாள். ஒரு வாரமாக வீட்டில் 'கர்னல் போகி' என்ற அணிவகுப்பு மெட்டுதான். நேற்று சாயங்காலம் அவள் ஊத ஆரம்பித்ததும் என் மாமியார் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இது சயாம் ரயில் பாட்டாச்சே" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவை இங்கே மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து), பர்மா வரைக்கும் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவே இல்லை. உண்மையில் யார் எழுதியது இது? மகளை நிறுத்தச் சொல்லவா?

பழைய பேண்டுக்காரன்:
நிறுத்தச் சொல்லாதீர்கள் அக்கா. இது 1914-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மெட்டு. எழுதியவர் கென்னத் ஆல்ஃபோர்ட். அது புனைபெயர்தான், நிஜப் பெயர் ஃபிரெடரிக் ஜோசப் ரிக்கெட்ஸ். லண்டன் கிழக்குப் பகுதி ஏழைப் பையன், தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்து, 14 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவரும் கோர்னெட்தான்! ராணுவத்தில் இருந்துகொண்டு வெளியே பாட்டு விற்பதை அப்போது மேலதிகாரிகள் விரும்ப மாட்டார்கள், அதனால்தான் புனைபெயர். கோல்ஃப் மைதானத்தில் ஒருவர் "தள்ளிப் போங்க" என்று கத்துவதற்குப் பதிலாக இரண்டு ஸ்வரம் விசில் அடிப்பாராம், அந்த இரண்டும்தான் மெட்டின் தொடக்கம். நம் கணக்கில் 'ப', பிறகு இறங்கி 'க'. மகளை மெதுவாக ஊதச் சொல்லிக் கேளுங்கள், தெரியும்.

சயாம் ரயிலோடு இது ஒட்டிக்கொண்டது 1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படத்தால். அந்த ரயில் பாதையில் வேலை செய்யும் போர்க் கைதிகள் இந்த மெட்டை விசில் அடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். படம் பிடித்தது இலங்கையில். ஆல்ஃபோர்ட் அதைப் பார்க்கவே இல்லை, 1945-லேயே காலமாகிவிட்டார்.

தஞ்சோங் மாலிம் தம்பி:
அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். ஆல்ஃபோர்ட் 1908-லிருந்து 1927 வரை பேண்ட் மாஸ்டராக இருந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்லாந்துப் பிரிவான ஆர்கைல் படையின் இரண்டாம் பட்டாலியனில். அதே பட்டாலியன்தான் 1942 ஜனவரி 7-ஆம் தேதி எங்கள் பக்கம் ஸ்லிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகளிடம் சிதைந்தது. பிடிபட்டவர்களில் பலர் அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கே போனார்கள். ஆனால் படத்தில் வருவது வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்தான். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் ஆட்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள், அவர்களைக் காட்டவே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. பாட்டின் மேல் கோபமில்லை.

செந்தூல் அம்மா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அங்க செத்த நம்ம ஆளுங்க பேரை யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா? அப்பா பேரு இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். எங்கே போய்த் தேடுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.